அரை கிரவுண்டு வீட்டுக்கும் உயில் வேண்டும்

உயில் என்பது பணக்காரர் சமாச்சாரம் என்று நம்மில் பலர் நினைக்கிறோம். ஆலை முதலாளிகள் எழுதுவார்கள். தோட்டம் துரவு உள்ளவர்கள் எழுதுவார்கள். நமக்கு என்ன இருக்கிறது, எழுதுவதற்கு?

நிலைமை இதற்கு நேர்மாறானது. நாலு வீடு உள்ளவர் உயில் எழுதாமல் இறந்தால், பிள்ளைகள் ஆளுக்கு ஒரு வீட்டை எடுத்துக்கொண்டு சமாதானம் ஆகலாம். ஒரே வீடு உள்ளவர் இறந்தால்? சமையல் அறையை ஒருவருக்கும் கூடத்தை ஒருவருக்கும் கொடுக்க முடியுமா?

சென்னைக்கு மேற்கே, அம்பத்தூரிலிருந்து செங்குன்றம் போகும் ரோட்டில் இருக்கிறது கள்ளிக்குப்பம். பெயரில்தான் கள்ளி இருக்கிறது. ஊரில் இன்று இருப்பவை வீடுகள். பெரம்பூரில் ரயில் பெட்டித் தொழிற்சாலை 1955-ல் திறக்கப்பட்டது. அம்பத்தூர் தொழிற்பேட்டை 1964-ல் வந்தது. ஆவடியில் டாங்கித் தொழிற்சாலை வந்தது. அங்கெல்லாம் ஷிப்டு பார்த்தவர்கள் வாயைக் கட்டி, வயிற்றைக் கட்டி, சீட்டுப் போட்டு, இந்த வட்டாரத்தில் அரை கிரவுண்டு, முக்கால் கிரவுண்டு என்று மனை வாங்கினார்கள். முதலில் ஓலை, பிறகு சிமெண்டு ஷீட்டு, பிறகு தளம் என்று வீடு வளர்ந்தது. மனை வாங்கிய அந்தத் தலைமுறைக்கு இன்று வயதாகிவிட்டது. பலர் இறந்தும் விட்டார்கள்.

ஆனால் பத்திரம் அப்பா பெயரில் இருக்கிறது. வீட்டு வரி ரசீதும் அவர் பெயரில்தான். மின்சார மீட்டர் தாத்தா பெயரில்கூட இருக்கும்! வீட்டில் யாருக்கு என்ன பங்கு என்று கேட்டால், ஆளுக்கு ஒரு பதில் வரும்.

1,200 சதுர அடியில் 60 சதுர அடி

ஒரு குடும்பத்தை எடுத்துக்கொள்வோம். கற்பனைக் குடும்பம்தான். ஆனால் இப்படிப்பட்ட குடும்பத்தைத் தேடி நீங்கள் பக்கத்துத் தெருவுக்குப் போக வேண்டியதில்லை.

தொழிற்சாலையில் வேலை பார்த்தவர். சொந்தச் சம்பாத்தியத்தில் அரை கிரவுண்டு, அதாவது 1,200 சதுர அடி மனை வாங்கி வீடு கட்டினார். மனைவி இருக்கிறார். 2 மகன்கள், ஒரு மகள். வயதான தாயாரும் அவரோடுதான் இருக்கிறார். தகப்பனார் முன்பே காலமாகிவிட்டார். ஒரு நாள் நெஞ்சு வலி. ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியிலேயே உயிர் போய்விட்டது. உயில் இல்லை.

அவர் இந்து என்றால், 1956-ம் ஆண்டு இந்து வாரிசு உரிமைச் சட்டம் அங்கே வந்து நிற்கும். மனைவிக்கு ஒரு பங்கு. ஒவ்வொரு மகனுக்கும் ஒரு பங்கு. மகளுக்கும் அதே அளவு ஒரு பங்கு. தாயாருக்கும் ஒரு பங்கு. ஆக 5 பங்கு. மனையைக் கணக்குப் பார்த்தால் ஆளுக்கு 240 சதுர அடி.

"வீடு என் புருஷன் கட்டியது, எனக்குத்தான்" என்று மனைவி நினைத்துக்கொண்டிருப்பார். அவருக்கு உள்ளது ஐந்தில் ஒன்று.

கதை இதோடு முடியவில்லை. இரண்டு வருஷம் கழித்து தாயாரும் இறக்கிறார். அவரும் எதுவும் எழுதி வைக்கவில்லை. அவருடைய 240 சதுர அடி யாருக்கு? அவர் பெற்ற பிள்ளைகள் எல்லோருக்கும். இறந்த மகனைத் தவிர அவருக்கு இன்னும் 2 மகன்கள், ஒரு மகள் என்று வைத்துக்கொள்ளுங்கள். இறந்த மகனின் பிள்ளைகளுக்குச் சேர்ந்து ஒரு பாகம், மற்ற மூவருக்கும் ஆளுக்கு ஒரு பாகம். ஒரு பாகம் 60 சதுர அடி.

60 சதுர அடி என்பது ஒரு குளியல் அறை. அந்தக் குளியல் அறைக்குப் பெரியப்பாவும் சித்தப்பாவும் அத்தையும் கையெழுத்துப் போட்டால்தான் இனி வீட்டை விற்க முடியும். வீட்டின் பேரில் கடன் வாங்குவதற்கும் அவர்கள் கையெழுத்து வேண்டும். அவர்கள் நல்லவர்களாகவே இருக்கலாம். ஒருவர் துபாயில் இருந்தால்? ஒருவர் இறந்து, அவருடைய பிள்ளைகள் முகம் தெரியாதவர்களாக இருந்தால்? ஒருவர் மட்டும் "என் பங்கைப் பணமாகக் கொடு" என்று பாகப்பிரிவினை வழக்குப் போட்டால்? பிரிக்க முடியாத வீட்டை விற்றுப் பணத்தைப் பங்கிடச் சொல்லவும் கோர்ட்டுக்கு அதிகாரம் உண்டு.

தாயாருக்குப் பங்கு கொடுத்தது சட்டத்தின் குறை என்று சொல்ல மாட்டோம். பெற்றவளைத் தெருவில் விடக் கூடாது என்பதற்காக வைத்த பங்கு அது. ஆனால் வீட்டுக்காரர் ஒரு தாளில், "என் தாயார் உயிரோடு இருக்கும் வரை இந்த வீட்டில் இருந்து அனுபவிக்க வேண்டும், வீடு என் மனைவிக்குச் சேர வேண்டும்" என்று எழுதி, முறைப்படி கையெழுத்துப் போட்டு வைத்திருந்தால், தாயாருக்கும் நிழல் இருந்திருக்கும். மனைவிக்கும் நிம்மதி இருந்திருக்கும். ஒரு தாள்தான் இல்லாமல் போனது.

கைக்குழந்தைகள் உள்ள வீட்டில் சங்கடம் இன்னும் அதிகம். 18 வயது ஆகாத பிள்ளையின் பங்காக வந்த வீட்டை அல்லது நிலத்தை, பெற்ற தாயே ஆனாலும், கோர்ட்டு அனுமதி இல்லாமல் விற்க முடியாது. தாயும் தகப்பனும் இல்லாமல் போனால் பிள்ளைகளை யார் வளர்ப்பது என்பதையும் உயிலில் எழுதலாம். சொத்து ஒன்றுமே இல்லாதவர்கள்கூட இந்த ஒரு காரணத்துக்காக உயில் எழுதலாம்.

"அதெல்லாம் பேசாதீங்க!"

உயில் பேச்சை எடுத்தால் நம் வீடுகளில் என்ன நடக்கும்? "விளக்கு வைக்கிற நேரத்தில் என்னங்க இந்தப் பேச்சு? உங்களுக்கு ஒன்றும் ஆகாது" என்பார் மனைவி. மகன் பேச்சை எடுத்தால், "நான் எப்போது சாவேன் என்று காத்திருக்கிறாயா?" என்பார் தகப்பனார். அதோடு பேச்சு நின்றுவிடும்.

இன்ஷூரன்ஸ் எடுக்கும்போது யாரும் இப்படி அலறுவதில்லை. அதுவும் சாவைப் பற்றிய காகிதம்தான்! பழகிவிட்டதால் பயம் போய்விட்டது. உயில் எழுதியதால் யாருக்கும் ஆயுள் குறைந்ததில்லை. எழுதிய உயிலை மறு நாளே கிழித்துப் போடலாம். மாற்றி எழுதலாம். பத்து முறை எழுதலாம். முறைப்படி எழுதிய கடைசி உயில் எதுவோ, அதுதான் செல்லும். எழுதியவர் உயிரோடு இருக்கும் வரை வீடு அவருடையதுதான். விற்கவும் அவருக்கு உரிமை உண்டு. ஆகவே மகனுக்கு எழுதிவிட்டோம், அவன் நம்மை வெளியே அனுப்பிவிடுவான் என்ற பயம் உயிலில் இல்லை.

அந்தப் பயம் இருக்க வேண்டியது வேறு ஒரு பத்திரத்தில். அதுதான் செட்டில்மெண்டு பத்திரம். "அப்பா, உயில் எதற்கு? என் பேருக்கு செட்டில்மெண்டு எழுதிவிடுங்கள், பிற்காலத்தில் தகராறு வராது" என்று பிள்ளைகள் கேட்பது உண்டு. அதை ரிஜிஸ்தர் செய்த அன்றைக்கே வீடு பிள்ளைக்குப் போய்விடும். பிறகு சோறு போடுவதும் போடாததும் அவன் இஷ்டம். இப்படி ஏமாந்த பெற்றோருக்காக 2007-ல் ஒரு மத்தியச் சட்டம் வந்தது. பராமரிக்க வேண்டும் என்ற நிபந்தனையோடு கொடுத்த சொத்தை, பராமரிக்காவிட்டால் திரும்பப் பெற அதன் 23-வது பிரிவில் வழி இருக்கிறது. தமிழ்நாட்டில் ஆர்.டி.ஓ.விடம் மனுக் கொடுக்க வேண்டும். ஆனால் தள்ளாத வயதில் ஆபீஸ் படியேறி, பெற்ற பிள்ளை மேலேயே மனுக் கொடுக்கும் நிலை ஏன் வர வேண்டும்? செட்டில்மெண்டு எழுதியே தீர வேண்டும் என்றால், பராமரிப்பு நிபந்தனையையும், கடைசி வரை அந்த வீட்டிலேயே குடியிருக்கும் உரிமையையும் பத்திரத்திலேயே எழுதச் சொல்லுங்கள். வாய்ப் பேச்சை நம்ப வேண்டாம்.

"பவர்" எழுதிக் கொடுத்திருக்கிறேன், அது போதாதா என்று கேட்பவர்களும் உண்டு. போதாது. பவர் கொடுத்தவர் இறந்தால் அந்தப் பவரும் அதோடு போயிற்று.

நாமினி சொந்தக்காரரா?

"எல்லாவற்றுக்கும் நாமினி போட்டிருக்கிறேன், உயில் தேவையில்லை" என்பது இன்னொரு பேச்சு. படித்தவர்களே இதைச் சொல்கிறார்கள்.

நாமினி என்பவர் யார்? பாங்கி யாரிடம் பணத்தைக் கொடுத்தால் அதன் பொறுப்பு தீருமோ, அவர். பணத்தைக் கையில் வாங்கிக்கொள்ள அவருக்கு உரிமை உண்டு. அந்தப் பணம் யாருக்குச் சொந்தம் என்பதை உயில் சொல்லும். உயில் இல்லாவிட்டால் வாரிசுச் சட்டம் சொல்லும். சுப்ரீம் கோர்ட்டு 1983-லேயே ஒரு இன்ஷூரன்ஸ் வழக்கில் இப்படித்தான் தீர்ப்பளித்தது. கம்பெனிப் பங்குகளுக்கும் இதேதான் என்று 2023 டிசம்பர் 14-ந் தேதி மறுபடியும் சொன்னது. நடுவில், 2015-ல், இன்ஷூரன்சுக்கு மட்டும் சட்டம் திருத்தப்பட்டது. தன் பாலிசிக்குப் பெற்றோரையோ, கணவன் அல்லது மனைவியையோ, பிள்ளைகளையோ நாமினியாகப் போட்டால் பணம் அவர்களுக்கே உரியது என்று அந்தத் திருத்தம் சொல்கிறது. அண்ணனையோ நண்பரையோ போட்டால் அந்தச் சலுகை இல்லை.

அதற்காக நாமினி போடாமல் விட்டுவிடாதீர்கள். நாமினி இல்லாத பாங்கிக் கணக்கில் பணம் எடுக்கக் குடும்பம் படும் பாடு பெரிது. 2025 நவம்பர் 1-ந் தேதி முதல் ஒரு பாங்கிக் கணக்குக்கு 4 பேர் வரை நாமினி போடலாம். உயிலில் யார் பெயரோ, நாமினியிலும் அவர் பெயரே இருந்தால் வம்பு இல்லை.

தொழிற்சாலைகளில் வேலை செய்பவர்களுக்கு ஒரு முக்கியமான சங்கதி. பிராவிடண்டு பண்டில் கல்யாணத்துக்கு முன் எழுதிய நாமினேஷன், கல்யாணம் ஆனதும் செல்லாமல் போகும். புதிதாக எழுத வேண்டும். வேலைக்குச் சேர்ந்த அன்று எழுதிக் கொடுத்ததோடு மறந்தவர்கள், இன்றே போய்ப் பாருங்கள்.

தாசில்தார் கொடுக்கும் வாரிசு சான்றிதழும் இதைப் போலத்தான். இறந்தவருக்கு வாரிசுகள் யார் யார் என்று அது காட்டும். வீடு யாருக்கு என்று அது தீர்ப்புச் சொல்லாது.

மூன்று மாதக் கணவன்

உயில் யாருக்கு மிக அவசியம் என்று கேட்டால், பெண்களுக்கு என்று தயங்காமல் சொல்வோம்.

ஒரு பெண்ணின் கதை சுப்ரீம் கோர்ட்டு ஏட்டில் இருக்கிறது. 1955-ல் அவளுக்குக் கல்யாணம் ஆனது. மூன்று மாதத்துக்குள் கணவனைப் பாம்பு கடித்தது. கணவன் இறந்தான். மாமியார் வீட்டார் அவளைத் துரத்திவிட்டார்கள். தாய் வீட்டுக்கு வந்தாள். பெற்றோர் படிக்க வைத்தார்கள். வேலைக்குப் போனாள். 40 வருஷம் தன் காலிலேயே நின்றாள். 1996-ல் இறந்தாள். பாங்கியில் பணம், பிராவிடண்டு பண்டு எல்லாம் நிறையச் சேர்த்து வைத்திருந்தாள். உயில் மட்டும் எழுதவில்லை.

தாய் அந்தப் பணத்தைக் கேட்டார். செத்துப் போன கணவனின் சகோதரி பிள்ளைகளும் வந்து கேட்டார்கள்! 40 வருஷமாக அவளை எட்டிப் பார்க்காதவர்கள்.

2009-ல் சுப்ரீம் கோர்ட்டு தீர்ப்புச் சொன்னது. பணம் கணவன் வீட்டாருக்கே. அனுதாபம் வேறு, சட்டம் வேறு என்ற நிலையில் கோர்ட்டு இருந்தது. ஏனென்றால் சட்டத்தின் வரிசை அப்படி. ஓர் இந்துப் பெண் உயில் எழுதாமல் இறந்தால், அவள் சுயமாகச் சம்பாதித்த சொத்து முதலில் அவள் பிள்ளைகளுக்கும் கணவனுக்கும் போகும். அவர்கள் இல்லாவிட்டால் கணவனின் வாரிசுகளுக்குப் போகும். அவர்களும் இல்லாவிட்டால்தான் பெற்ற தாய் தகப்பனுக்கு. பிள்ளை இல்லாத பெண்ணுக்குத் தாய் தகப்பனிடமிருந்து வந்த சொத்தாக இருந்தால், அது மட்டும் தகப்பன் வீட்டு வாரிசுகளுக்குத் திரும்பும்.

இந்த வரிசை நியாயமா? இல்லை என்பதே நம் கருத்து. ஆண் இறந்தால் அவனைப் பெற்ற தாய் முதல் வரிசையில் இருக்கிறாள். பெண் இறந்தால் அவளைப் பெற்ற தாய், கணவனின் உறவினர் எல்லோருக்கும் பின்னால் நிற்கிறாள். பாராளுமன்றம் இதைத் திருத்தட்டும். அது வரையில் பெண்கள் கையில் இருக்கும் ஆயுதம் உயில் ஒன்றுதான். 2025 நவம்பரில் சுப்ரீம் கோர்ட்டே, எல்லாப் பெண்களும், முக்கியமாக இந்துப் பெண்கள், உயில் எழுதி வையுங்கள் என்று வேண்டுகோள் விடுத்தது. ஒரு கோர்ட்டு இப்படிக் கேட்டுக்கொள்வது அபூர்வம்.

அம்பத்தூர் எஸ்டேட்டில் தையல் மிஷினில் உட்கார்ந்திருக்கும் தங்கைகளே, கணக்கு எழுதும் அக்காமார்களே, உங்கள் சம்பளத்தில் தாய் தகப்பனைக் காப்பாற்றுகிறீர்கள் அல்லவா? உங்கள் பிராவிடண்டு பண்டும், பாங்கிப் பணமும், கழுத்து நகையும் யாருக்கு என்பதை நீங்களே எழுதுங்கள். 18 வயது நிறைந்து, புத்தித் தெளிவு இருந்தால் போதும். கணவனின் அனுமதி தேவையில்லை. தகப்பனின் அனுமதியும் தேவையில்லை.

மகளுக்குச் சீர் செய்தாயிற்றா?

"மகளுக்கு நகை போட்டோம், சீர் செய்தோம். அதோடு கணக்குத் தீர்ந்தது" என்பது பழைய பேச்சு. சட்டத்தில் அப்படி ஒரு கணக்கு இல்லை. பெண்ணுக்குச் சொத்துரிமை வேண்டும் என்று 1929-ல் செங்கல்பட்டில் கூடிய சுயமரியாதை மாநாடு தீர்மானம் போட்டது. 1989-ல் தமிழ்நாடு சட்டசபை, பூர்வீகச் சொத்தில் மகளுக்கும் மகனைப் போல் பங்கு கொடுத்தது. அன்றைக்குக் கல்யாணம் ஆகியிருந்த பெண்களுக்கு அது கிடைக்கவில்லை. 2005-ல் வந்த மத்தியத் திருத்தம் அந்த வேலியையும் எடுத்தது.

தகப்பன் சுயமாகச் சம்பாதித்ததை யாருக்கு வேண்டுமானாலும் உயிலில் எழுதலாம். மகளை விட்டுவிட்டும் எழுதலாம். சட்டம் தடுக்காது. நாம் தடுக்கிறோம்! எழுதுவதற்கு முன் ஒரு முறை மகள் முகத்தை நினைத்துப் பாருங்கள். கொடுக்காமல் இருக்கக் காரணம் இருந்தால், அந்தக் காரணத்தையாவது உயிலில் இரண்டு வரி எழுதுங்கள். தகப்பனார் தன்னை மறந்துவிட்டார் என்ற நினைப்போடு எந்த மகளும் வாழக் கூடாது.

காரியம் முடிவதற்கு முன்பே சகோதரிகளிடம் விடுதலைப் பத்திரத்தில் கையெழுத்து வாங்கும் வழக்கமும் இருக்கிறது. அழுது கொண்டிருப்பவள் கையில் பேனாவைக் கொடுப்பது அண்ணன்மார்களுக்கு அழகல்ல. சகோதரிகளே, படித்துப் பார்க்காமல் போடாதீர்கள். படிக்கத் தெரியாவிட்டால், படிக்கச் சொல்லிக் கேட்காமல் போடாதீர்கள்.

உயில் இல்லாத ஒரு தமிழ்நாட்டு நிலத்தின் கதி என்ன ஆனது தெரியுமா? 1938-ல் ஒருவர் கோர்ட்டு ஏலத்தில் நிலம் வாங்கினார். அவருக்கு ஒரே மகள். அவர் காலமானார். மகளும் 1967-ல் பிள்ளை இல்லாமல் இறந்தாள். மகள் வழியா, தம்பி மகன் வழியா என்று பங்காளிகளுக்குள் வழக்கு வந்தது. கீழ்க் கோர்ட்டு 1994-ல் தீர்ப்புச் சொன்னது. சென்னை ஐகோர்ட்டு 2009-ல் சொன்னது. சுப்ரீம் கோர்ட்டு 2022 ஜனவரி 20-ந் தேதி இரண்டு தீர்ப்புகளையும் மாற்றி, தகப்பன் சுயமாக வாங்கிய சொத்து மகளுக்கே சேரும், 1956-க்கு முன்பும் அதுதான் சட்டம் என்றது. நல்ல தீர்ப்பு. ஆனால் நிலம் வாங்கி 84 வருஷம் ஆகிவிட்டது. வழக்காடியவர்கள் இறந்து, அவர்களுடைய வாரிசுகள் வழக்கை நடத்திக்கொண்டிருந்தார்கள்.

பச்சையப்பர் எழுதியது

உயில் எழுதினால் மட்டும் போதுமா? அதற்கும் நம் வட்டாரத்திலேயே ஒரு கதை இருக்கிறது.

ஆடி மாதம் வந்தால் அம்பத்தூர், கள்ளிக்குப்பத்து ஜனங்கள் செங்குன்றம் வழியாகப் பெரியபாளையத்து அம்மனைப் பார்க்கப் போவார்கள். அந்தப் பெரியபாளையத்தில் 1754-ல் ஏழைக் குடும்பத்தில் பிறந்தவர் பச்சையப்ப முதலியார். வெள்ளைக்காரர்களுக்குத் துபாஷாக இருந்து பெரும் பொருள் சேர்த்தார். 1794-ல், 40 வயதில் காலமானார். கண் மூடுவதற்குச் சில நாள் முன்னால் உயில் எழுதினார். பெரும் பகுதியைக் கோவில்களுக்கும் தர்மத்துக்கும் விட்டார்.

உயில் இருந்தும் உறவினர்களுக்குள் வழக்கு வந்தது. வருஷங்கள் ஓடின. தர்மங்கள் நின்றன. கடைசியில் ஜார்ஜ் நார்ட்டன் என்ற அட்வகேட் ஜெனரல் போன்றவர்கள் தலையிட்டு, கோர்ட்டு மூலம் அந்தப் பணத்தை மீட்டார்கள். தர்மங்களுக்குப் போக மிஞ்சியதில் 1842-ல் சென்னையில் ஒரு பள்ளிக்கூடம் திறந்தார்கள். அதுதான் பச்சையப்பன் கல்லூரியாக வளர்ந்தது. உயில் எழுதியதற்கும் பள்ளிக்கூடத்துக்கும் நடுவில் 48 வருஷம்!

இதில் இரண்டு விஷயம் இருக்கிறது. எழுத்தில் இருந்ததால்தான் அரை நூற்றாண்டு கழித்தும் அந்தப் பணத்தை மீட்க முடிந்தது. நிறைவேற்றி வைக்கச் சரியான ஏற்பாடு இல்லாததால்தான் அத்தனை காலம் ஆனது. ஆகவே உங்கள் உயிலில், "இதை நிறைவேற்றி வைக்க வேண்டியவர் இன்னார்" என்று ஒருவரைக் குறிப்பிடுங்கள். உங்களை விட வயதில் இளையவர், பணத்தில் நாணயம் உள்ளவர், வீட்டில் எல்லோரும் மதிக்கும் ஒருவர். அவரிடம் முன்கூட்டியே சம்மதம் கேட்டுவிடுங்கள்.

வெள்ளைத் தாள் போதும்

உயிலுக்கு முத்திரைத் தாள் வேண்டாம். வெள்ளைத் தாளில், உங்கள் சொந்தத் தமிழில் எழுதலாம். வக்கீல் எழுதித்தான் ஆக வேண்டும் என்று சட்டம் இல்லை. ஆனால் பூர்வீகச் சொத்து, இரண்டு தாரம், மூளை வளர்ச்சி இல்லாத பிள்ளை என்று சிக்கல் இருந்தால் வக்கீலுக்குக் கொடுக்கும் பணம் வீண் போகாது. பூர்வீகச் சொத்தில் உங்கள் பங்கை மட்டும்தான் நீங்கள் எழுத முடியும் என்பதை மறக்க வேண்டாம்.

உயில் செல்லுபடி ஆவதற்கு உயிர்நாடி கையெழுத்தும் சாட்சியும். எழுதியவர் கையெழுத்துப் போட வேண்டும். கையெழுத்துத் தெரியாதவர் பெருவிரல் ரேகை வைக்கலாம். சட்டத்தில் அதற்கு இடம் உண்டு. 2 சாட்சிகள் வேண்டும். நீங்கள் கையெழுத்துப் போடுவதை அவர்கள் பார்க்க வேண்டும். பிறகு அவர்கள் உங்கள் முன்னால் கையெழுத்துப் போட வேண்டும். "நான் போட்டுவிட்டேன், நீங்கள் வீட்டில் வைத்துப் போட்டு அனுப்புங்கள்" என்பது கூடாது. பல உயில்கள் கோர்ட்டில் இடறி விழும் இடம் இதுதான். பிற்காலத்தில் வழக்கு வந்தால் ஒரு சாட்சியாவது கோர்ட்டில் வந்து சொல்ல வேண்டியிருக்கும். எனவே 80 வயதுப் பெரியவரைச் சாட்சியாகப் பிடிக்காதீர்கள். சொத்தை வாங்கப் போகிறவரையும் சாட்சி ஆக்காதீர்கள். வயதானவர் எழுதுவதானால், புத்தித் தெளிவோடு இருக்கிறார் என்று டாக்டரிடம் ஒரு சான்று வாங்கிச் சேர்த்து வைப்பது நல்லது.

வீட்டை விவரிக்கும்போது கவனம் வேண்டும். "கள்ளிக்குப்பத்தில் உள்ள என் வீடு" என்று எழுதினால் போதாது. இந்தப் பகுதியில் பழைய பத்திரங்களில் செங்கல்பட்டு மாவட்டம் என்று இருக்கும். 1997-க்குப் பிறகு எழுதியவற்றில் திருவள்ளூர் மாவட்டம் என்று இருக்கும். 2011-ல் அம்பத்தூர் நகராட்சி சென்னை மாநகராட்சியோடு சேர்ந்தது. 2018-ல் அம்பத்தூர் தாலுகாவே சென்னை மாவட்டத்துக்கு வந்துவிட்டது. வீடு நின்ற இடத்தில் நிற்கிறது, மாவட்டம்தான் நகர்ந்து கொண்டிருக்கிறது! ஆகவே சர்வே எண், மனை எண், பத்திர எண், ரிஜிஸ்தர் ஆன வருஷம், நாலு எல்லை எல்லாவற்றையும் பத்திரத்தைப் பார்த்து எழுதுங்கள்.

கடனையும் எழுதுங்கள். கைமாற்று, சீட்டுப் பாக்கி, நகை அடகு, வீட்டுக் கடன் எல்லாம். யாருக்குக் கொடுக்க வேண்டும், யாரிடமிருந்து வர வேண்டும் என்று தனித் தாளில் இருந்தால்கூடப் போதும். பாங்கிக் கணக்குகளையும் அதில் எழுதுங்கள். குடும்பத்துக்கே தெரியாமல் பாங்கியில் தூங்கும் பணத்தைத் தேடுவதற்காக ரிசர்வ் பாங்கி 2023-ல் "உத்கம்" என்று ஓர் இணையதளமே திறக்க வேண்டி வந்தது. செல்போனில்தான் பணம் போகிறது, வருகிறது என்னும் இந்தக் காலத்தில், அந்தப் போனைத் திறக்கும் வழி வீட்டில் இன்னொருவருக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

முஸ்லிம் குடும்பங்களுக்கு ஒரு வார்த்தை. ஷரியத் முறைப்படி, கடன் போக மிஞ்சிய சொத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் உயில் எழுதுவதானால் வாரிசுகளின் சம்மதம் வேண்டும். வாரிசுகளில் ஒருவருக்கே எழுதுவதற்கும் மற்றவர்கள் சம்மதம் வேண்டும். கிறிஸ்தவர்கள் முழுச் சொத்துக்கும் உயில் எழுதலாம். உயில் இல்லாவிட்டால் மனைவிக்கு மூன்றில் ஒரு பங்கும், மீதி பிள்ளைகளுக்கும் போகும். கல்யாணத்துக்கு முன் எழுதிய உயில், அவர்களுக்குக் கல்யாணத்தோடு ரத்தாகிவிடும் என்பதையும் கவனிக்க வேண்டும்.

உயிலை ரிஜிஸ்தர் செய்தே தீர வேண்டும் என்று கட்டாயம் இல்லை. செய்தால் நல்லது என்போம். தொலைந்தாலும் நகல் கிடைக்கும். எழுதியவர் உயிரோடு இருக்கும் வரை சார்பதிவாளர் ஆபீசில் அவருக்கு மட்டும்தான் நகல் கொடுப்பார்கள். மகன் போய்க் கேட்டாலும் கிடைக்காது.

என்ன எழுதியிருக்கிறோம் என்பதே யாருக்கும் தெரியக் கூடாது என்பவர்களுக்கு 1908-ம் ஆண்டுப் பதிவுச் சட்டத்தில் இன்னொரு வழியும் இருக்கிறது. உயிலை உறையில் போட்டு ஒட்டி முத்திரை வைத்து, மேலே தன் பெயரையும் இது உயில் என்பதையும் எழுதி, மாவட்டப் பதிவாளரிடம் ஒப்படைக்கலாம். மனம் மாறினால் திரும்ப வாங்கிக்கொள்ளலாம். இப்படி ஒப்படைத்திருக்கிறோம் என்பதை மட்டும் வீட்டில் ஒருவரிடமாவது சொல்லி வைக்க வேண்டும். எழுதியவர் இறந்த பிறகு, வீட்டார் மனுக் கொடுத்தால் பதிவாளர் அவர்கள் முன்னிலையில் உறையைப் பிரித்து, தன் புத்தகத்தில் நகல் எடுத்துக்கொண்டு, அசலைத் தன்னிடமே பத்திரமாக வைத்துக்கொள்வார். நகல் எடுக்கும் செலவு மட்டும் மனுக் கொடுத்தவருடையது.